கரகரப்பு, சூடு, உறுமல்: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை உங்கள் ஸ்பீக்கருக்குப் பொருத்த ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஒலியைக் கூட்டினால் கரகரக்கிறது, சூடேறி நின்றுவிடுகிறது, ஒரு பக்கம் பாடவில்லை, எந்நேரமும் உறுமுகிறது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்கள் பல்லடத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவரும் குறைகள் ஏறத்தாழ இந்த நான்கினுள் அடங்கிவிடும். வருகிறவர் பெரும்பாலும் விற்றவர்மீது வருத்தத்தோடுதான் வருகிறார். ஆனால் செட்டைத் திறக்காமலேயே, இரண்டு ஒயர்களை இடம் மாற்றியும், ஸ்பீக்கரின் ஓம் அளவைப் பார்த்தும், வீட்டு பிளக்கின் மின்னழுத்தத்தை அளந்தும் குறையின் இடத்தைக் காட்டிவிட முடிந்த நாட்கள் அதிகம். குறை ஸ்பீக்கரில் இருக்கலாம், ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம், வீட்டு மின்சாரத்தில் இருக்கலாம். மூன்றும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். ஆகவே கீழே உள்ளவற்றை வாங்கிய பின் பழுது தேடவும் பயன்படுத்தலாம், வாங்கப் போகும் வீட்டிலேயே சோதிக்கவும் பயன்படுத்தலாம். இரண்டாவது வழியில் பணம் மிஞ்சும்.

தேவைப்படும் கருவிகள் குறைவு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி, கெட்டுப்போனாலும் வருத்தமில்லாத ஒரு சிறிய ஸ்பீக்கர், போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆடியோ ஒயர் ஆகியவை போதும். மூடியைக் கழற்றும் வேலை எதையும் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் ஸ்பீக்கரை அளந்துகொள்ளுங்கள்

ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் புறப்படும் முன் வீட்டிலுள்ள ஸ்பீக்கரைப் பற்றி இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது ஓம். பெட்டியின் பின்புறம் 4, 6, 8 என்று அச்சிட்டிருக்கும். ஒட்டுத்தாள் உதிர்ந்துபோயிருந்தால், ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின்சாரத்துக்கான எதிர்ப்பு என்பதால் அது பெயரளவு ஓமைவிடக் குறைவாகவே வரும். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.6 வரையும் காட்டும். இரண்டுக்கும் நடுவே, 4.5 அல்லது 5 என்று வந்தால் அது 6 ஓம் வகை. மீட்டரின் இரு ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் சிறிய எண்ணை இதிலிருந்து கழித்துவிடுங்கள். எண்ணே வரவில்லை என்றால் பேஸ் தரும் பெரிய கூம்பான வூஃபரின் வாய்ஸ் காயில், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள், அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். உயர் ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டரின் நிலையை இந்த வழியில் அறிய முடியாது. அதற்கு முன்னால் உள்ள கெபாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

இரண்டாவது எண் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் கேட்டால் எத்தனை டெசிபல் என்பதே அது. புத்தக அலமாரியில் வைக்கும் சிறிய பெட்டிகள் பெரும்பாலும் 84 முதல் 88 வரை இருக்கும். பெரிய பழைய தரை ஸ்பீக்கர்கள் 90-ஐத் தாண்டும். இந்த எண்ணை வாங்குபவர்கள் பலர் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் எத்தனை வாட் வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 3 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 92 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட் கொடுத்துக் கேட்கும் அதே ஒலி அளவை, 86 டெசிபல் ஸ்பீக்கரில் பெற 80 வாட் வேண்டும். இன்னொரு கோணத்தில் பார்த்தால், 30 வாட் செட்டை விற்றுவிட்டு 60 வாட் செட்டை வாங்குபவருக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது சற்றே கூடியதாகத் தெரியும், அவ்வளவே. இருமடங்கு சத்தமாகக் கேட்பதற்கு ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட் வேண்டும்.

அறிகுறி: ஒலியைக் கூட்டினால் கரகரக்கிறது, காதைக் குத்துகிறது

குறைந்த ஒலியில் நன்றாகப் பாடும் செட், குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியதும் கரகரக்கத் தொடங்குகிறதா? தவிலும் நாதஸ்வரமும் சேரும் இடத்தில், அல்லது பின்னணிக் குரல்கள் கூடும் இடத்தில் மட்டும் ஒலி தடித்துக் கலங்குகிறதா? அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் தன்னிடம் உள்ள மின்னழுத்தத்தின் எல்லையைத் தொட்டு, அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் அசலில் இல்லாத உயர் அதிர்வெண்கள் பிறந்து ட்வீட்டருக்குப் போய்ச் சேரும்; இடைவிடாமல் அப்படியே பாடவிட்டால் முதலில் கருகுவது ட்வீட்டர். ‘சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே, ஸ்பீக்கருக்கு என்ன ஆகிவிடும்’ என்ற நினைப்பு தவறாகிப்போவது இங்கேதான்.

இந்தக் கரகரப்பு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் வந்தால் வாட் போதவில்லை. ஒன்றில் மட்டும் வந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறம் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். கரகரப்பு அதே பெட்டியில் தங்கினால் ஸ்பீக்கரின் குறை. மறு பெட்டிக்கு மாறினால் ஆம்ப்ளிஃபயரின் குறை. ஸ்பீக்கர் என்று தெரிந்தால் வூஃபரின் ஓர விளிம்பைப் பாருங்கள். நுரையால் ஆன விளிம்பு ஆண்டுகள் கடந்தால் நம் ஊர் வெயிலில் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு அதைவிட நீடிக்கும். பிறகு கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் ஒலி வந்தால் வாய்ஸ் காயில் நகர்ந்திருக்கிறது.

வாட் போதவில்லை என்றால், உண்மையில் அந்த செட்டில் எத்தனை வாட் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. முகப்பில் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம். பிஎம்பிஓ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்ட வாட்டுகளுக்கும் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டுக்கும் தொடர்பே கிடையாது. நம் பகுதியில் அதிகம் புழங்கும் அசெம்பிள் செட்டுகளில் கணக்கு எளிது, ஏனென்றால் டிரான்ஸ்பார்மரின் மீதே வோல்ட் எழுதியிருக்கும். 24-0-24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இருந்தால், அதை நேர்மின்சாரமாக்கிய பின் இருபுறமும் 34 வோல்ட் கிடைக்கும். சுமை ஏறும்போது இறங்குவதும் டிரான்சிஸ்டர்களில் இழப்பதும் போக, ஸ்பீக்கருக்கு உச்சத்தில் ஏறத்தாழ 28 வோல்ட் போகும். 28-ஐ 28-ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16-ஆல் வகுத்தால் 49 வாட். அதே கணக்கில் 12-0-12 டிரான்ஸ்பார்மர் உள்ள செட் பக்கத்துக்கு 10 வாட்டை ஒட்டித்தான் தரும், முகப்பில் என்ன எழுதியிருந்தாலும். டிரான்ஸ்பார்மரைப் பார்க்க முடியாத கம்பெனி செட்டுகளில் எடையே நல்ல சாட்சி. கையில் தூக்கிப் பாருங்கள். 100 வாட் என்று எழுதிய பழைய வகை ஆம்ப்ளிஃபயர் தகர டப்பாவைப் போல இலேசாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் இரும்பும் செம்பும் இல்லை. சிறிய டிஜிட்டல் வகைகளுக்கு மட்டும் இந்த எடைக் கணக்கு பொருந்தாது.

நேர்மையாக எழுதப்பட்ட சிறிய எண் ஏமாற்றாது என்பதற்கு 1978-இல் வெளிவந்த நாட் (NAD) 3020 என்ற ஆம்ப்ளிஃபயர் இன்றும் எடுத்துக்காட்டாக இருக்கிறது. பக்கத்துக்கு 20 வாட் என்றுதான் அதைத் தயாரித்தவர்கள் அறிவித்தார்கள். ஆனால் கணநேர உச்சங்களில் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி அமைத்திருந்ததால், தன் விலைக்கு மீறிய ஸ்பீக்கர்களையும் அது ஓட்டியது. ஒரு நடுத்தர அறையில், 88 டெசிபல் ஸ்பீக்கரில், வீட்டார் பேசுவது கேட்கும் அளவில் பாட்டுக் கேட்பவருக்கு உண்மையான 30 வாட் தாராளம். தொட்டிக்கட்டு வீட்டின் திறந்த ஆசாரத்தில் (கூடத்தில்) வைத்துக் கேட்பவருக்கு அது போதாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் சரியாக இருந்த செட் மாலையில் மட்டும் கரகரத்தால், மல்டிமீட்டரை மாறுமின்சாரம் 750 வோல்ட் நிலையில் வைத்து பிளக்கை அளந்து பாருங்கள். விசைத்தறிகளும் கிணற்று மோட்டார்களும் ஒரே மின்மாற்றியில் ஓடும் ஊர்களில் 230 வோல்ட் 180-க்கு இறங்குவதுண்டு. பெரும்பாலான பழைய ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டுப் பகுதிக்கு மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சுற்று கிடையாது. வாட், வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 180 வோல்ட்டில் 50 வாட் செட் 30 வாட் செட்டாகிவிடும். அவ்வீட்டுக்கு வேண்டியது வேறு ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஒரு ஸ்டெபிலைசர்.

அறிகுறி: அரை மணி நேரம் பாடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறது

என் அக்கா மகன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். “மாமா, செட்டு பாடிக்கிட்டே இருக்குது, அப்புறம் டக்குனு நின்னுருதுங்க. ஆற வெச்சா மறுபடியும் பாடுதுங்க” என்றான். “ஏங்கண்ணு, பின்னால எத்தன பொட்டி மாட்டியிருக்கற?” என்று கேட்டேன். நான்கு என்றான். காரணம் அப்போதே தெரிந்துவிட்டது.

8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே பக்கத்தில் இணையாக மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் காண்பது 4 ஓம்; 6 ஓம் இரண்டு சேர்ந்தால் 3 ஓம்; 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். முகப்பில் உள்ள ஏ, பி என்ற பொத்தான்கள் இரண்டையும் அழுத்துவது பெரும்பாலான செட்டுகளில் இதையேதான் செய்யும். பின்தகட்டில் ஏ அல்லது பி தனியாக ஓடும்போது 4 ஓமும், இரண்டும் சேரும்போது ஒவ்வொன்றும் 8 ஓமும் குறைந்தபட்சம் வேண்டும் என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் கூடுதலான மின்னோட்டம் தர வேண்டியிருக்கிறது; சூடு ஏறுகிறது; காப்புச் சுற்று இருக்கும் செட் நின்றுவிடுகிறது, இல்லாத செட் டிரான்சிஸ்டரை இழக்கிறது. அக்கா மகன் இரண்டு பெட்டிகளைக் கழற்றிய அன்றே குறை தீர்ந்தது.

ஒரு ஜோடி மட்டும் மாட்டியிருந்தும் நின்றால், மேலே சொன்னபடி ஸ்பீக்கரை மீட்டரில் அளந்து, 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓமுக்கு மட்டுமே அமைத்த செட்டில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெயரளவு ஓம் என்பது ஒரு சராசரிக் குறிப்புதான். ஸ்பீக்கரின் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். உலகத் தரவிதிப்படி 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எந்த இடத்திலும் அதன் 80 விழுக்காட்டுக்கு, அதாவது 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், 4 ஓமைத் தாங்கும் என்று பின்தகட்டிலேயே எழுதியுள்ள ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. மறுபக்கம், 16 ஓம் பழைய ஸ்பீக்கரை 8 ஓம் டிரான்சிஸ்டர் செட்டில் மாட்டினால் வாட் பாதியாகுமே தவிர எந்தக் கெடுதலும் வராது.

ஓம் சரியாக இருந்தும் சூடேறினால் காற்றோட்டத்தைப் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கத்தில் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளிலும், பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னை நார் ஆலைகளுக்கு அருகிலும், செட்டின் காற்றுத் துளைகளைப் பஞ்சும் தூசும் ஒரு போர்வையைப் போல மூடிவிடும். டார்ச் அடித்துத் துளை வழியே பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் பட்டைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே பல்லி புகுந்து இறந்து கிடப்பதும் இங்கே சாதாரணம். செட்டின் மேல் செட்டாப் பாக்ஸை வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் ஒலி இல்லை, அல்லது வந்து வந்து போகிறது

இங்கே வரிசை மாறாமல் போக வேண்டும். முதலில், செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். அதே பெட்டி ஊமையாக இருந்தால் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ குறை. மறு பெட்டி ஊமையானால் ஸ்பீக்கர் நல்லது. இப்போது ஒலி வரும் ஆடியோ ஒயர்களின் இடது வலதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மாற்றுங்கள். குறை பக்கம் மாறினால் போன், டிவிடி பிளேயர் அல்லது அந்த ஒயர் காரணம், மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயர்.

ஆம்ப்ளிஃபயர் என்று தெரிந்த பின்னும் மனம் தளர வேண்டாம், ஏனென்றால் இதன் காரணங்கள் பெரும்பாலும் மலிவானவை. பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா, மானிட்டர் என்று எழுதிய டேப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பொத்தான் அழுந்தியிருந்தால் இரு பக்கமும் ஒலி வராது. நாட் 3020 போன்ற பல பழைய செட்டுகளின் பின்புறம் முன்பகுதியையும் வெளியீட்டுப் பகுதியையும் இணைக்கும் லாட வடிவச் சிறு கம்பிகள் இரண்டு செருகியிருக்கும். ஒன்று தொலைந்துபோனால் அந்தப் பக்கம் ஊமையாகும். கறுத்துப்போனால் ஒலி வந்து போகும். அவற்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகுவதே போதும். இது தெரியாமல் ‘ஒரு சைடு அவுட்’ என்று விலை குறைத்து விற்கப்பட்ட செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் சரசரவென்று ஒலித்து, ஓரிடத்தில் ஒரு பக்கம் மறைந்துபோனால் குமிழின் உள்ளே அழுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை மின்சாரம் இல்லாத நிலையில் உள்ளே தெளித்து, 20, 30 முறை முழுவதும் திருப்ப வேண்டும். துருப்பிடித்த திருகை இளக்கும் சாதாரண ஸ்பிரே இதற்கு உதவாது.

குறைந்த ஒலியில் ஒரு பக்கம் காணாமல் போய், குமிழைக் கூட்டியதும் திடீரென்று உயிர்பெறுகிறதா? அது ஸ்பீக்கரை இணைத்தும் துண்டித்தும் காக்கும் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்துப்போனதன் அடையாளம். சிறிய மின்னழுத்தத்தால் அந்தக் கறுப்புப் படலத்தைக் கடக்க முடிவதில்லை. ரிலேயை மாற்றுவது சிறிய வேலை. எனவே சரசரக்கும் குமிழும் சோம்பும் ரிலேயும் உள்ள செட்டை, விலையைக் குறைத்துக் கேட்டு, தயங்காமல் வாங்கலாம்.

தயங்க வேண்டியது வேறு இடத்தில். ஒரு பக்கம் முற்றிலும் செத்து, உள்ளே எஸ்டிகே என்று தொடங்கும் பெரிய ஐசி இருந்தால் விலகிவிடுங்கள். ஜப்பானின் சான்யோ தயாரித்த அந்த வகையின் பழைய எண்களில் பல இப்போது தயாரிப்பில் இல்லை. அதே எண் அச்சிட்ட போலிகள் கடைகளில் உண்டு. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஜோடிக்கும் போலி மிகுதி.

அறிகுறி: பாட்டு இல்லாதபோதும் உறுமுகிறது

முதல் கேள்வி, உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தா? காதை ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்துக் கேளுங்கள். பெட்டியே உறுமினால் டிரான்ஸ்பார்மரின் தகடுகள் அதிர்கின்றன. கரண்ட் போன நேரத்தில் மட்டும் அப்படி உறுமினால் வீட்டு இன்வர்டரைப் பாருங்கள். சதுர அலை தரும் மலிவு வகைகளில் டிரான்ஸ்பார்மர் உள்ள செட் உறுமும், கூடவே சூடும் ஏறும். சைன் அலை இன்வர்டரில் இது வராது.

ஸ்பீக்கரில் உறுமினால், பின்னாலுள்ள எல்லா ஆடியோ ஒயர்களையும் பிடுங்கிவிடுங்கள். உறுமல் நின்றால் ஆம்ப்ளிஃபயர்மீது குற்றமில்லை. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, எதைச் செருகியதும் திரும்புகிறது என்று கவனியுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அடிக்கடி அகப்படுவது கேபிள் டிவி ஒயர். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயரின் உறை ஓர் எர்த்திலும், வீட்டுப் பிளக் வேறோர் எர்த்திலும் இருப்பதால், டிவியின் ஆடியோ ஒயர் வழியாக 50 ஹெர்ட்ஸ் உறுமல் சுற்றி வருகிறது. கேபிளைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியதும் நின்றால் ஐயமே இல்லை. டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக ஒலியை எடுத்து, சிறிய மாற்றிப் பெட்டி மூலம் கொடுத்தால் தீரும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் நிற்கும் உறுமலும் இதே இனம். எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே ஒரு ஒயர் உரிந்து தகட்டைத் தொட்ட நாளில் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். செட்டைத் தொட்டால் மெல்லச் சுர்ரென்று இருக்கிறது என்றால், எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் குழியை அளக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழிகள் சித்திரை வைகாசியில் வறண்டுவிடும். தண்ணீர் ஊற்றிவருவது வீட்டின் வழக்கமாக வேண்டும்.

எல்லா ஒயர்களையும் பிடுங்கிய பின்னும் உறுமினால் குமிழைத் திருப்புங்கள். குமிழோடு உறுமலும் கூடினால் முன்பகுதியில் குறை. குமிழ் எங்கிருந்தாலும் ஒரே அளவில், சற்றே முரட்டுத்தனமாக 100 ஹெர்ட்ஸில் உறுமினால் மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்கள் வறண்டுவிட்டன. 30, 40 ஆண்டுகள் ஓடிய செட்டில் அது எதிர்பார்க்க வேண்டியதே. மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

அறிகுறி: போட்டதும் பியூஸ் போகிறது, அல்லது ‘டக்’ என்ற ரிலே ஒலி வரவில்லை

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் என்றால் எதையும் செருகும் முன் பின்தகட்டைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கச் செட் 120 வோல்ட்டுக்கும் அமைந்தவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் பியூஸ் போவது நல்வாய்ப்பு, டிரான்ஸ்பார்மரே கருகுவதும் உண்டு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. சிலவற்றில் வோல்ட்டை மாற்றும் திருகு பின்னால் இருக்கும். ஜப்பான் செட்டுகள் பொதுவாக 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஏற்றவை, ஏனெனில் அந்நாட்டின் கிழக்கில் ஒன்றும் மேற்கில் மற்றொன்றும் புழங்குகிறது. 60 மட்டும் எழுதிய அமெரிக்கச் செட்டின் டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் சேர்த்துப் பார்த்தால், நார்ஜ், காஸ்மிக், சோனோடைன் போன்ற இந்தியச் செட்டுகள் இங்கே மலிவாக முடியும் என்பது என் கணிப்பு. அவை நம் மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டவை.

வோல்ட் சரியாக இருக்கும் செட்டில், சுவிட்ச் போட்ட சில நொடிகளில் ‘டக்’ என்று ரிலே ஒலி வர வேண்டும். வராவிட்டால் காப்புச் சுற்று ஏதோ ஆபத்தைக் கண்டு ஸ்பீக்கரைத் துண்டித்து வைத்திருக்கிறது. ரிலேயே இல்லாத செட்டுகளுக்காகவும், எல்லாச் செட்டுகளுக்காகவும் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, குமிழை முழுவதும் குறைத்து, மீட்டரை நேர்மின்சாரம் 200 மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒரு பக்கத்தின் சிவப்பு, கருப்பு முனைகளை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 100 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். இந்த அளவுக்கு டிசி ஆஃப்செட் என்று பெயர். வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் 30 வோல்ட்டுக்கு மேல் நேராக வாய்ஸ் காயிலில் பாயும். பல ஆண்டுகளுக்கு முன் இந்த அளவை எடுக்காமல் அவசரத்தில் இணைத்து, அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டிலிருந்து வந்த அருமையான வூஃபர் ஒன்றைச் சில நொடிகளில் புகைய விட்டேன். இன்றும் மனம் ஆறவில்லை. சிறிய டிஜிட்டல் வகைகளில் கருப்பு முனை செட்டின் தகட்டோடு சேர்ந்திருக்காது. இரு பக்கக் கருப்பு முனைகளையும் ஒருபோதும் ஒன்றாக இணைக்கக் கூடாது.

அறிகுறி: பேஸ் இல்லை, ஒலி சன்னமாக இருக்கிறது

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால் பேஸ் கரைந்துபோகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் சிதறும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் ஸ்பீக்கர் முனைகளில் தொடுங்கள். நேர்முனை சிவப்பில் படும்போது இரண்டு வூஃபர்களும் வெளியே வர வேண்டும். ரெக்கார்டு பிளேயரை, போன் போன்றவற்றுக்கான ஆக்ஸ் முனையில் செருகினால் ஒலி எறும்பு ஊர்வதுபோல் வரும்; போனை, ரெக்கார்டு பிளேயருக்கான போனோ முனையில் செருகினால் ஒலி வெடித்துச் சிதறும். இடம் மாற்றினால் தீர்ந்தது. ஒயரும் மிக மெல்லியதாக இருக்கக் கூடாது. 10 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போக வர 0.7 ஓம் எதிர்ப்பு சேர்ந்துவிடும், 1.5 ஒயரில் அது 0.24 தான். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்பு ஒயரே போதும், விலையுயர்ந்த ஒயர் வேண்டாம்.

அறிகுறி: மைக் செட் ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன், ஸ்பீக்கர் கருகிவிட்டது

கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பழைய செட்டை விற்கும்போது அது மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். அகூஜா போன்ற அந்த ஆம்ப்ளிஃபயர்கள் உறுதியானவை, ஆனால் பெரும்பாலும் ஒற்றைப் பக்கம் மட்டுமே உள்ளவை. ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்ற முனைகளும் இருக்கும். பின்னவை, ஒவ்வொரு ஹாரனிலும் சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து நெடுந்தூரம் ஒயர் இழுப்பதற்கானவை. 100 வாட் செட்டின் 100 வோல்ட் முனை 100 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. அங்கே 8 ஓம் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் அது 1,250 வாட் கேட்பதற்குச் சமம். செட் கரகரத்துச் சூடேறும், காயில் கருகும். 8 ஓம் முனையில் மாட்டினால் பாடும். இருந்தாலும் வீட்டில் அமைதியாகக் கேட்பதற்கு இவ்வகையை நான் பரிந்துரைப்பதில்லை, பேச்சு தெளிவாகக் கேட்கவே அவை அமைந்தவை.

வாங்கப் போகும் நாளில்

குறைந்த பணத்தில் நல்ல ஸ்டீரியோ தேடுபவருக்கு நான் முதலில் சொல்வது, எச்டிஎம்ஐ பலகை கெட்டுப்போன ஏவி ரிசீவர், அதாவது டிவியோடு சேர்த்துப் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர். படத்துக்கான பகுதி செத்துவிட்டதால் மலிவாகத் தருவார்கள். பின்னாலுள்ள சிவப்பு வெள்ளை ஆடியோ முனைகளும் முன் இரண்டு ஸ்பீக்கர்களும் வேலை செய்தால் உங்களுக்கு அது முழு ஆம்ப்ளிஃபயர். அதில் எழுதிய வாட் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களை மட்டும் ஓட்டி அளந்தது. நீங்கள் ஓட்டப்போவதும் இரண்டைத்தான்.

ஈரோடோ கரூரோ, நேரில் போய் வாங்குங்கள். பார்சலில் அனுப்பினால் கனமான டிரான்ஸ்பார்மர் அசைந்து பலகையை உடைத்துவிடும். உங்கள் ஸ்பீக்கரைத் தூக்கிப் போக முடியாவிட்டால் சிறிய ஸ்பீக்கரையாவது எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் பின்தகட்டில் வோல்ட், பிறகு ரிலே ஒலி, பிறகு ஆஃப்செட், அதன் பின்பே ஸ்பீக்கர். அரை மணி நேரம் மிதமான ஒலியில் பாடவிட்டு, எல்லாக் குமிழ்களையும் பொத்தான்களையும் இயக்குங்கள். பின் மேல்மூடியின் இருபுறமும் உள்ளங்கையை வையுங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே இளஞ்சூடு இருக்க வேண்டும். வலது பக்கம் மட்டும் கையை எடுக்க வைக்கும் சூடு என்றால், பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஏதோ சரியில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், செட் சூடான நிலையில் இரு பக்க ஆஃப்செட்டையும் அன்றைய பிளக் வோல்ட்டையும் மறுபடி அளந்து, அந்த மூன்று எண்களையும் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு இதே நேரத்தில் அளக்கும்போது 20 மில்லிவோல்ட் 70 ஆகியிருந்தால், காதுக்கு எதுவும் தெரியும் முன்பே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்விடலாம்.